கிலோவாட் சார்

சென்னை குரோம்பேட்டையில் பத்து அடுக்ககத்துக்கு ஒருவராவது இப்படி இருப்பார். வயது அறுபதைத் தாண்டியிருக்கும். ஏதோ ஒரு பொதுத்துறை நிறுவனத்தில் ஓய்வு பெற்றிருப்பார். ஒரே பையன் டல்லாஸில். வீட்டு பீரோ, தையல் மிஷின், இரும்புக் கட்டில் எல்லாம் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பேரம் பேசி வாங்கியவை. எதையும் புதிதாக வாங்குவது ஊதாரித்தனம் என்பது அவர் கட்சி. பெற்றோர் வைத்த பெயர் தபால்காரருக்குத் தெரியும். மற்றவர்களுக்கு அவர் கிலோவாட் சார்.

2001-ல் பெங்களூரில் ரேவா வந்தபோதே மின்சார காரைப் பார்த்து வைத்துவிட்டார். வாங்கவில்லை. "பழசாகட்டும்" என்றார். 2020 ஜனவரியில் நெக்ஸான் இ.வி. 14 லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவாக அறிமுகமானபோதும் அதே பதில்தான். வாங்கினவர்கள் ஓட்டி, அலுத்து, அடுத்த மாடலுக்கு ஆசைப்பட்டு, விலை பாதிக்கு இறங்கிய பிறகே சாருக்கு மின்சார காரின் பச்சை நம்பர் பிளேட் மேல் காதல் வந்தது. அந்தப் பச்சையிலும் எழுத்து வெள்ளையா மஞ்சளா என்று பார்ப்பார். மஞ்சள் என்றால் வாடகைக்கு ஓடின வண்டி, கிட்டவே போகமாட்டார்.

வியாபாரிகளிடமும் போகவில்லை. 2024 டிசம்பரில் ஜெய்சால்மரில் கூடிய ஜி.எஸ்.டி. கவுன்சில், பழைய மின்சார கார் விற்கும் வியாபாரியின் லாபத்தின் மீதான வரியை 12-லிருந்து 18 சதவீதமாக்கியது. சொந்தக்காரரே நேரடியாக விற்றால் அந்த வரி கிடையாது. விற்கிறவர் வீட்டுக்கே போனால் காபியும் கிடைக்கும் என்பது அதில் சார் கண்டுபிடித்த உபரிச் சலுகை.

வண்டி பார்க்கக் கிளம்பினால் சட்டைப் பையில் ஒரு டார்ச், ஒரு ரூபாய் நாணயம், வண்டியின் கணினியோடு பேசும் ஓ.பி.டி. கருவி. நெக்ஸான் பேட்டரிக்கு 8 வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் வாரண்டி என்பது அவருக்கு மனப்பாடம். ஆனால் முதல் கேள்வி அதுவாக இருக்காது.

"தம்பி, மிக்ஜாம் புயலப்போ வண்டி எங்க நின்னுது?"

அந்தப் புயல் மழையில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மிதந்ததைப் பார்த்தவர் கேட்கிற நியாயமான கேள்வி. "வேளச்சேரி மேம்பாலத்துல சார்" என்று பதில் வந்தால் பாதி நம்புவார். மழை எச்சரிக்கை வந்ததும் அந்தப் பாலத்தில் கார்கள் வரிசை கட்டி நின்றதை 2024 அக்டோபரில் ஊரே பார்த்தது. மீதிப் பாதிக்காக சீட் பெல்ட்டை முழு நீளத்துக்கும் வெளியே இழுப்பார். கார்பெட்டைக் கழுவுகிறவர்கள் பெல்ட்டின் உள்முனையைக் கழுவுவதில்லை. வெள்ளத்துச் சேறு அங்கேதான் உட்கார்ந்திருக்கும்.

மீட்டர் சொல்லும் கணக்கை அவர் காதில் போட்டுக்கொள்வதே கிடையாது. நேரே தரையில் குந்தி டயரைப் பார்ப்பார். பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும்: முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். பின்டயர்களில் 2121. முன்டயர்களில் 1423.

"எவ்வளவு ஓடியிருக்கு தம்பி?"

"இருபத்திரண்டாயிரம் சார். ஆபீஸ், வீடு, அவ்வளவுதான்."

"பின்னாடி ரெண்டும் 2021. முன்னாடி ரெண்டும் 2023. ஏன் மாத்தினீங்க?"

"ஆணி குத்திடுச்சு சார்."

"ரெண்டுலயுமா?"

"ரெண்டுலயும் சார்."

"ஒரே நாள்லயா?"

தம்பி காபி என்ன ஆயிற்று என்று பார்க்க உள்ளே போய்விடுவான். திரும்பி வருவதற்குள் வாசலில் நிற்கிற வாட்ச்மேனுக்குப் பாடம் தொடங்கியிருக்கும். "பெட்ரோல் வண்டி உறுமிக் கிளம்ப நேரம் எடுத்துக்கும்பா. இது அப்படி இல்ல. மிதிச்ச நொடியே 245 நியூட்டன் மீட்டர் இழுவிசையும் முன்சக்கரத்துக்கு வந்துடும். வண்டி எடை 1,400 கிலோ. காலை எடுத்தா மோட்டாரே இழுத்துப் பிடிக்கும். அதுவும் முன்சக்கரத்து வழியாத்தான். பிரேக் பேட் தப்பிச்சுது, டயர் மாட்டிக்கிச்சு. நிதானமா ஓட்டினவன் யாரு, விரட்டினவன் யாருன்னு டயர் காட்டிக் கொடுத்துடும்." வாட்ச்மேனிடம் இருப்பது சைக்கிள்.

இந்த விசாரணை ராதா நகர் சுரங்கப்பாதை வேலையைப் போல இழுத்துக்கொண்டே போனது. கடைசியில் தாம்பரம் சானடோரியத்தில் ஒரு டாக்டரம்மாவின் வண்டி கிடைத்தது. நாலு டயரும் 2021. இருபதாயிரத்துச் சொச்சம் ஓடியும் பள்ளத்தில் நாணயம் ஆழமாக இறங்கியது. "எவ்வளவு பொறுமையான மனுஷி!" என்று சார் கண் கலங்கியதாகச் சொல்கிறார்கள். பேரம் பேசுவதை மட்டும் விடவில்லை.

வண்டி வந்ததும் நோட்டுப் புத்தகம் வந்தது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் மின் கட்டணத்தில் முதல் 100 யூனிட் இலவசம். பேட்டரி முழுதாக நிரம்ப 30 யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல். ஆகவே இலவச யூனிட் எல்லாம் காருக்கு. காசு கட்டுகிற யூனிட் எல்லாம் ஏ.சி.க்கும் கிரைண்டருக்கும். மொத்தம் 500-ஐத் தாண்டி ஸ்லாப் எகிறினால் குற்றவாளியாக மனைவி தயார்: "நீ இட்லிக்கு அரைச்சதுல வந்த வினை."

கும்பகோணத்தில் ஒரு கல்யாணம். கம்பெனிச் சோதனையில் 312 கிலோமீட்டர் என்றாலும் நெடுஞ்சாலையில் 200 வந்தாலே புண்ணியம். வழியில் சார்ஜருக்குக் காத்திருக்க வேண்டும். அவர் மனைவி, "நான் கிளாம்பாக்கத்துல பஸ் ஏறிக்கிறேங்க" என்றார். மாப்பிள்ளை அழைப்புக்கு அந்த அம்மாள் இருந்தார். சார் தாலி கட்டும்போது வந்தார்.

சாருக்கு நேர்ந்தது என்ன என்பதுதான் அடுக்ககத்தில் யாருக்கும் புரியவில்லை. ஸ்கூட்டர் காலத்தில் அவர் யாரையும் முந்தியதில்லை. மாடு குறுக்கே வந்தால் இன்ஜினை அணைத்துவிட்டு, அது யோசித்து முடிக்கும்வரை நிற்பார். வாங்கின முதல் வாரம் ஜி.எஸ்.டி. ரோடு சிக்னலில் குரோம்பேட்டை எம்.ஐ.டி. மாணவன் போலிருந்த ஒரு பையன் பக்கத்தில் பைக்கை உறுமவிட்டான். பச்சை விழுந்தது. சார் சும்மா கொஞ்சம்தான் மிதித்தார். அடுத்த முறை கண்ணாடியைப் பார்த்தபோது பைக் எங்கோ பின்னால் புள்ளியாகத் தெரிந்தது.

அன்றிலிருந்து சிக்னல் தோறும் முதல் வரிசையில் போய் நிற்கிறார். கியர் நெம்புகோல் ஸ்போர்ட் என்கிற 'எஸ்'ஸில் இருக்கிறது. கத்தரிக்காய்ப் பையை மடியில் இறுக்கிக்கொண்டு மனைவி, "என்னங்க அவசரம், வீட்ல யாரு காத்துக்கிட்டிருக்கா?" என்பார். "பின்னாடி வர்றவங்களுக்கு வழி விடறேன்" என்பார் சார். நோட்டில் பெட்ரோல் மிச்சத்துக்கு ஒரு பத்தி, ஆயில் மிச்சத்துக்கு ஒரு பத்தி, பிரேக் பேட் மிச்சத்துக்கு ஒரு பத்தி. டயருக்குப் பத்தி கிடையாது.

போன மாதம் காற்று பிடிக்கப் போன இடத்தில் டயர் கடைக்காரர் குனிந்து பார்த்தார். அவருக்கு நாணயம் தேவைப்படவில்லை. முன்டயர் இரண்டும் 1.6 மில்லிமீட்டர் எச்சரிக்கைக் கட்டையோடு சமமாகி மொழுமொழுவென்று இருந்தன. பின்டயர்கள் இன்னும் டாக்டரம்மா விட்டுப்போன நிலையில்.

"அலைன்மென்ட் கோளாறு இல்ல சார். ஒரு ஓரமாத் தேயல, மொத்தமாத் தேஞ்சிருக்கு. சிக்னலுக்குச் சிக்னல் மிதிச்சு விரட்டினாத்தான் இப்படி ஆகும்." நிமிர்ந்து சாரின் வெள்ளை வேட்டியையும் விபூதியையும் பார்த்தார். "வண்டிய யாரு ஓட்டறது, பையனா?"

சார் பக்கத்து சீட் பக்கம் திரும்பவே இல்லை.

"பையன்தாம்ப்பா. எவ்வளவு சொன்னாலும் கேக்க மாட்டேங்கிறான்."