மைக்கைக் கண்டு பயப்படுகிறவர்கள் யார்?

நெய்வேலி வட்டாரத்துப் பிள்ளைகளுக்குப் படிப்பு இருக்கிறதாம், பட்டம் இருக்கிறதாம்; 'கம்யூனிகேஷன்'தான் போதாதாம். 1956இல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் (என்.எல்.சி.) தொடங்கியது முதல் நிலம் கொடுத்துக்கொண்டிருக்கும் ஊர்களில் நிரந்தர வேலை எங்கே என்று கேட்டால், ஆளுமை வளர்ச்சி வகுப்புக்குப் போகச் சொல்கிறார்கள். கண்ணாடி முன் பேசு, முதுகை நிமிர்த்து, எதிரே இருப்பவர் கண்ணைப் பார்!

இந்தப் பிள்ளைகளின் ஆத்தாக்கள் பேசி, இப்படிச் சொல்கிறவர்கள் கேட்டதுண்டா? சுரங்கத்துக்கான சுற்றுச்சூழல் கருத்துக்கேட்புக் கூட்டத்துக்குப் போய்ப் பாருங்கள். ஷாமியானா, மேடையில் அதிகாரிகள், சுற்றிலும் போலீஸ். மடியிலிருந்து பட்டா நகலை எடுத்து நீட்டி, சர்வே எண், கிணறு வற்றிய வருஷம் எல்லாவற்றையும் துண்டுச்சீட்டு இல்லாமல் அடுக்குகிறாள் ஒருத்தி. திக்கல் இல்லை, திணறல் இல்லை. கண்ணைப் பார்க்காமல் கைபேசியைத் தடவுகிறவர் மேடையில் இருக்கிறார்.

இந்தக் கூட்டத்துக்கான மத்திய அரசின் 2006ஆம் ஆண்டு அறிவிக்கை அருமையான நகைச்சுவை இலக்கியம். 30 நாள் முன்பே விளம்பரம் செய், வீடியோ எடு, பேசியதை ஊர்மொழியில் படித்துக் காட்டு என்கிறது. கூடவே, கூட்டம் தொடங்க இத்தனை பேர் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லையாம். ஒரு ஈ காக்கை வராவிட்டாலும் கருத்துக் கேட்டாயிற்று! ஊரே திரண்டு வேண்டாம் என்றாலும் பதிவு செய்தாயிற்று.

2023 ஜூலை 26, வளையமாதேவி. பரவனாற்று மாற்றுக் கால்வாய்க்காக என்.எல்.சி.யின் மண்வெட்டும் இயந்திரங்கள் பச்சை நெல்லின் மேல் ஏறின. வாடிய பயிரைக் கண்டபோதெல்லாம் வாடிய வள்ளலாரின் வடலூர் பக்கத்தில்தான் இருக்கிறது. எப்போதோ கையகப்படுத்திய நிலத்தில் ஏன் நட்டீர்கள் என்றது என்.எல்.சி. இத்தனை வருஷம் பொறுத்தவர்களால் அறுப்புக்கு இரண்டு மாதம் பொறுக்க முடியாதா என்று உயர்நீதிமன்ற நீதிபதி கேட்டார். அது தலைப்புச் செய்தி. அதையே வரப்பில் நின்று விவசாயி கேட்டால் சட்டம் ஒழுங்குப் பிரச்சினை. பிறகு ஏக்கருக்கு 40,000 ரூபாய் இழப்பீடு என்று நீதிமன்றம் நிர்ணயித்தது. மடங்கிய பயிர் மடங்கியதுதான்.

ஆகவே பயிற்சி மையக்காரர்களே, கடையை டவுன்ஷிப்புக்குள் மாற்றுங்கள். பெரிய அதிகாரிகளை முன்வரிசையில் உட்கார வையுங்கள். முதல் பாடம், வாயை மூடிக்கொண்டு கேட்பது. அடுத்தது, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வது. கட்டணத்தில் தள்ளுபடி வேண்டாம். நிறுவனம் லாபத்தில்தான் ஓடுகிறது.