ஸ்க்ரூடிரைவருக்கு முன் துடைப்பம்

ஃபிரிட்ஜ் குளிரவில்லை என்று தெரிந்த மறுநிமிடமே வீட்டில் நிபுணர்கள் முளைத்துவிடுகிறார்கள். ஒருவர் கதவைத் திறந்து திறந்து பார்த்து, உள்ளே மிச்சமிருக்கும் குளிர்ச்சியையும் கூடத்துக்கு அனுப்பிவைப்பார். இன்னொருவர் பிளக்கைப் பிடுங்கிப் பிடுங்கிச் செருகுவார். மற்றொருவர் பரணில் ஏறி ஸ்க்ரூடிரைவரைத் தேடுவார். அது கிடைக்காதவரை ஃபிரிட்ஜுக்கு ஆயுசு கெட்டி. துடைப்பத்தைத் தேடுபவர் மட்டும் யாருமில்லை. என் கட்சி துடைப்பத்தின் கட்சி. வீட்டு ஃபிரிட்ஜ் மக்கர் பண்ணுவதற்குத் தூசியும் தண்ணீரும் காற்றும் காரணமாக இருந்தால் அதை நாமே சரிசெய்யலாம், செய்யவும் வேண்டும். கேஸும் கரண்டும் காரணம் என்றால் கையைக் கட்டிக்கொண்டு மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டும். நம் வீட்டு வீரர்களோ இதை அப்படியே தலைகீழாகச் செய்கிறார்கள். தூசியைத் துடைப்பதைக் கௌரவக் குறைவாகவும், கம்ப்ரஸரைக் கழற்றுவதைப் பிறவிப் பயனாகவும் கருதுகிறார்கள்.

ஃபிரிட்ஜ் குளிர்ச்சியைத் தயாரிப்பதில்லை. உள்ளே இருக்கும் சூட்டை அள்ளி வெளியே கொட்டுவதுதான் அதன் முழுநேர உத்தியோகம். கம்ப்ரஸர் கேஸை அழுத்தும். சூடேறிய கேஸ் பின்பக்கத்துக் கருப்புக் கம்பிவலையான கண்டென்ஸரில் தன் சூட்டை விட்டுவிட்டுத் திரவமாகும். பிறகு மிக மெல்லிய குழாய் வழியே ஃப்ரீஸர் பக்கம் போய், ஆவியாகி, அங்குள்ள சூட்டை உறிஞ்சிக்கொண்டு திரும்பும். ஆகவே கொட்டுகிற இடத்தை அடைத்துவிட்டால் அள்ளுகிற வேலையும் நின்றுபோகும். நம் வீடுகளில் அந்த இடத்தின் லட்சணம் என்ன? முதுகு சுவரோடு ஒட்டியிருக்கும். கம்பிவலையில் கைப்பிடித் துணி காயும். அடுக்களைத் தாளிப்புப் புகையின் எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் சேர்ந்து கம்பளிபோலப் படிந்து, அதில் ஒரு கொத்தமல்லிக் காம்பும், தொலைந்துபோனதாகச் சொல்லப்பட்ட மளிகை ரசீதும், காலியான பல்லி முட்டை ஓடுகளும் ஒட்டிக்கொண்டிருக்கும். சித்திரை வெயிலில் இப்படிப் போர்த்திக்கொண்டு நிற்கும் ஃபிரிட்ஜ் இரவு பகலாக ஓடாமல் என்ன செய்யும்? பிளக்கைக் கழற்றிவிட்டு ஒரு பழைய பிரஷ்ஷால் தூசியைத் தட்டி, சுவரிலிருந்து ஒரு சாண் நகர்த்தி வைத்தால் பாதி வைத்தியம் முடிந்தது. பல புதிய மாடல்களில் இந்தக் கம்பிவலை வெளியே தெரியாது. பக்கச் சுவர்களுக்குள் ஒளிந்திருக்கும். பக்கத்தைத் தொட்டுப் பார்த்து, “ஐயோ, சுடுது” என்று அலற வேண்டாம். அது சுட வேண்டும். சுடாவிட்டால்தான் கவலைப்பட வேண்டும்.

அடுத்தது கதவு. அதன் ஓரத்து ரப்பர் கேஸ்கெட்டுக்குள் காந்தப் பட்டை இருக்கிறது. அதுதான் கதவை இழுத்துப் பிடிக்கிறது. மடிப்புகளில் சாம்பார்த் துளியும் பால் பிசுக்கும் காய்ந்துபோனால் காந்தம் எவ்வளவு இழுத்தாலும் இடுக்கு விழும். ஈரக் காற்று உள்ளே புகுந்து ஃப்ரீஸரில் ஐஸ் மலையாக ஏறும். பத்து ரூபாய் நோட்டு ஒன்றைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். தடையில்லாமல் உருவிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் பிடிப்பில்லை என்று அர்த்தம். சோப்புத் தண்ணீரால் துடைத்து, கோணிய இடத்தில் வெந்நீரில் நனைத்த துணியை ஒற்றி எடுத்தால் ரப்பர் பெரும்பாலும் வழிக்கு வரும். முன்கால் திருகுகளைக் கொஞ்சம் உயர்த்தினால் கதவு தானாகவே சாத்திக்கொள்ளும். இவ்வளவு எளிய காரியத்தை விட்டுவிட்டு நாம் செய்வது தெர்மோஸ்டாட் நாபை 7-க்குத் திருப்புவது. அந்த எண் டிகிரியும் அல்ல, பரீட்சை மார்க்கும் அல்ல. எவ்வளவு குளிர்ந்ததும் கம்ப்ரஸர் ஓய்வெடுக்கலாம் என்ற உத்தரவு. கதவிடுக்கில் காற்று வரும்போது 7-ல் வைத்தால் அதற்கு ஓய்வே கிடையாது. கரண்ட் பில்லுக்கும் கிடையாது.

காய்கறித் தட்டில் தண்ணீர் தேங்கினால் ஃபிரிட்ஜ் ஓட்டையாகிவிட்டது என்று முடிவு கட்டுகிறோம். ஓட்டையாகவில்லை, இருக்கிற ஓட்டை அடைத்துக்கொண்டது. உட்பக்கப் பின்சுவரின் அடியில் உருகிய தண்ணீர் இறங்க ஒரு சின்னத் துவாரம் உண்டு. சாப்பாட்டில் நாம் ஒதுக்கிவைக்கும் கறிவேப்பிலை இந்த இடத்தில்தான் நம்மைப் பழிவாங்கும். வளைகிற மெல்லிய பிளாஸ்டிக் குழாயை மெதுவாக விட்டு, கொஞ்சம் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றினால் அடைப்பு போய்விடும். அந்தத் தண்ணீர் கம்ப்ரஸருக்கு மேலே அல்லது அருகே இருக்கும் ஒரு தட்டில் இறங்கி, அங்குள்ள சூட்டிலேயே ஆவியாகிவிடும்படி அமைத்திருக்கிறார்கள். இப்படி ஒரு தட்டு இருப்பது பல வீடுகளில் வீட்டுக்காரருக்குத் தெரியாது. ஏடிஸ் கொசுவுக்குத் தெரியும். மாநகராட்சியிலிருந்து டெங்கு ஒழிப்புக்கு வருபவர்கள் பூந்தொட்டியோடு ஃபிரிட்ஜின் பின்புறத்தையும் எட்டிப்பார்ப்பது அதனால்தான்.

இதுவரை சொன்னதில் ஸ்க்ரூடிரைவருக்கு வேலையே வரவில்லை. அது வருகிற இடம், ஐயோ, ஃப்ரீஸர். ஐஸ்கட்டிக்குள் மாட்டிக்கொண்ட பட்டாணிப் பாக்கெட்டை மீட்க ஸ்க்ரூடிரைவரும் அரிவாள்மனைக்குப் பயந்த கத்தியும் களத்தில் இறங்குகின்றன. ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜில் ஃப்ரீஸர் பெட்டியின் சுவரே அலுமினியத் தகடுதான். கேஸ் ஓடுகிற பாதை அந்தத் தகட்டுக்குள்ளேயே இருக்கிறது. ஒரு குத்து தவறினால் ‘உஸ்’ என்று ஒரு சத்தம். பட்டாணியின் விலை சில ஆயிரம் ரூபாய் ஏறிவிடும். நாபின் நடுவில் டிஃப்ராஸ்ட் பட்டன் என்று ஒன்றை வைத்ததே இந்தக் குத்துவெட்டைத் தவிர்க்கத்தான். அதை அழுத்திவிட்டுப் பொறுமையாக இருப்பதுதான் ரிப்பேர்.

“யூடியூபில் கேஸ் ஏற்றுவதைப் பத்து நிமிடத்தில் காட்டுகிறார்களே?” என்று கேட்பார்கள். காட்டுகிறார்கள்தான். இன்றைய வீட்டு ஃபிரிட்ஜ்கள் பலவற்றில் இருப்பது ஆர்-600ஏ, அதாவது ஐசோபியூட்டேன்; அடுப்புச் சிலிண்டரில் இருப்பதன் பங்காளி. சிலிண்டர் கேஸில் கசிந்தால் தெரியட்டும் என்று நாற்றம் சேர்க்கிறார்கள். இதில் அந்த உபகாரமும் இல்லை. மொத்தமே சில பத்து கிராம்தான் இருக்கும் என்பதால், ஒழுங்காக நிறுவிய ஃபிரிட்ஜில் பயமில்லை. ஆனால் குழாயை அறுத்து, கேஸ் நிற்கும் இடத்தில் தீ வைத்துப் பற்றவைப்பது வேறு விஷயம். அளவும் கிராம் கணக்கு. உள்ளே காற்றும் ஈரமும் மிஞ்சாமல் வேக்குவம் பம்ப்பால் இழுத்துவிட்டுத் தராசில் நிறுத்துத்தான் ஏற்ற வேண்டும். குத்துமதிப்பு என்பது ரசத்துக்கு உப்புப் போடும் இடத்தோடு நிற்கட்டும். கரண்ட் சமாசாரமும் இப்படித்தான். பிளக்கைக் கழற்றிய பிறகும் கெப்பாசிட்டரில் கரண்ட் தங்கியிருக்கக்கூடும். ஓடி நின்ற கம்ப்ரஸரை உடனே ஆன் செய்தால், குழாயில் அழுத்தம் சமனாகாததால் அது கிளம்பத் திணறும். ஸ்டெபிலைஸர் சில நிமிடம் காக்கவைப்பது அதற்காகத்தான். அதைச் சோம்பேறி என்று திட்டி நேரடியாகச் செருகுவது கெட்டிக்காரத்தனம் அல்ல.

குழாய்க்குள் இருக்கும் சரக்கு எந்தக் காலத்திலும் சாதுவாக இருந்ததில்லை. 1920-களின் ஃபிரிட்ஜ்களில் அம்மோனியா, சல்ஃபர் டை ஆக்சைடு, மெத்தில் குளோரைடு என்று விஷவாயுக்கள் ஓடின. பெர்லினில் ஃபிரிட்ஜ் கசிந்து ஒரு குடும்பமே இறந்துபோன செய்தியைப் படித்து மனம் வருந்திய ஐன்ஸ்டைன், சக இயற்பியலாளர் லியோ சிலார்டோடு சேர்ந்து, அசையும் பாகமே இல்லாத ஃபிரிட்ஜை வடிவமைத்தார். 1930-ல் அமெரிக்கக் காப்புரிமையும் கிடைத்தது. விஷமற்ற ஃப்ரியான் வந்ததும் அந்த முயற்சிக்கு மவுசு போயிற்று. அந்த ஃப்ரியான் ஓசோனைத் தின்கிறது என்று தெரிந்து, 1987-ன் மான்ட்ரியல் ஒப்பந்தம் அதை ஒழிக்க வழிவகுத்தது. கடைசியில் தீப்பிடிக்கும் கேஸுக்கு வந்து சேர்ந்திருக்கிறோம். ஐன்ஸ்டைனே கசிவைக் கண்டு கசியாத டிசைன் போட உட்கார்ந்தாரே தவிர, எம்-சீல் வாங்கக் கடைக்கு ஓடவில்லை. நமக்கு மட்டும் ஏன் அந்த அவசரம்?

“மெக்கானிக் மட்டும் யோக்கியரா? எதற்கெடுத்தாலும் ‘கேஸ் போயிடுச்சு சார்’ என்கிறாரே” என்ற ஆட்சேபம் நியாயமானது. நல்ல மெக்கானிக்குகள் மன்னிக்கட்டும். அந்த ஒரே வாக்கியத்தை மூலதனமாக வைத்துத் தொழில் செய்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் அதற்கு மருந்து நாமே கேஸ் ஏற்றுவது அல்ல, கேள்வி கேட்பது. ஃபிரிட்ஜ் கேஸ், பைக் பெட்ரோல்போல ஓட ஓடத் தீர்ந்துபோகும் பொருள் அல்ல. மூடிய குழாய்க்குள் சுற்றிக்கொண்டே இருப்பது. போய்விட்டதென்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது. “எங்கே லீக்?” என்று கேளுங்கள். ஓட்டையைக் காட்டாமல் கேஸை மட்டும் ஏற்றுபவர் அடுத்த கோடைக்கும் தேதி குறித்துவிட்டார். தூசியைத் துடைத்து, ரப்பரைச் சோதித்து, துவாரத்தைக் குத்தாமல் கழுவிப் பார்த்த வீட்டுக்காரரிடம் இந்த வசனம் எளிதில் எடுபடாது. சுத்தம் செய்ததன் நிஜமான லாபம் இதுதான்.

“பழுது பார்க்கும் உரிமை என்று உலகமே பேசுகிறது, நீங்கள் கையைக் கட்டச் சொல்கிறீர்களே” என்றும் கேட்கலாம். நம் மத்திய நுகர்வோர் விவகாரத் துறையே 2022 டிசம்பரில் அதற்கென ஓர் இணையவாசலைத் திறந்தது. அந்த உரிமைக்கு நானும் கொடி பிடிப்பவன். ஆனால் உரிமைக்காரர்கள் எங்கே கோடு போட்டார்கள் என்று பாருங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 மார்ச் முதல் அமலில் இருக்கும் விதிப்படி, கம்பெனிகள் கதவு கேஸ்கெட், கைப்பிடி, கீல், தட்டு, கூடை ஆகியவற்றை வீட்டுக்காரருக்கே விற்க வேண்டும். கேஸ்கெட்டை மட்டும் 10 ஆண்டுக்கு. தெர்மோஸ்டாட், சென்சார், சர்க்யூட் போர்டு, உள்விளக்கு ஆகியவற்றைத் தொழில்முறை மெக்கானிக்குகளுக்குத் தந்தால் போதும். ஏறக்குறைய நான் சொல்லும் அதே கோடுதான். பல்பு விஷயத்தில் அவர்கள் என்னைவிடக் கண்டிப்பு.

இதெல்லாம் சுத்தம் செய்வதுதானே, ரிப்பேர் எங்கே இருக்கிறது, வீரத்துக்கு இடமெங்கே என்று சிலர் ஏமாற்றமடைவார்கள். இடம் இருக்கிறது. ஃப்ராஸ்ட் ஃப்ரீ ஃபிரிட்ஜில் குளிர்காற்று பின்சுவரின் துளைகள் வழியாகத்தான் உள்ளே வருகிறது. அந்தத் துளைகளை மறைத்துக்கொண்டு முந்தாநாள் குழம்பு, அதற்கும் முந்தைய கூட்டு, பேர் தெரியாத ஒரு சட்னி, மாவுத் தூக்கு, கல்யாண வீட்டு லட்டு டப்பா எல்லாம் வரிசைகட்டி நிற்கின்றன. அவற்றை எடுத்து வெளியே வைத்தாலே பல ஃபிரிட்ஜ்கள் மறுபடியும் குளிரத் தொடங்கும். இதற்கு ஸ்க்ரூடிரைவர் வேண்டாம், யூடியூப் வேண்டாம். வீட்டில் யாரையும் கேட்காமல் அந்தக் கிண்ணங்களில் ஒன்றைத் தூக்கிக் கொட்டும் துணிச்சல் ஒன்றே போதும். அந்தத் துணிச்சல் இருப்பவர் வேண்டுமானால் கம்ப்ரஸர் பக்கமும் போய்ப் பார்க்கட்டும்.