கோழிக்கு நெஞ்சடைப்பா?

கே: எங்கள் கம்பத்துக் கோழியின் நெஞ்சில் பெரிய கட்டி. புற்றுநோயாக இருக்குமோ என்று வீட்டில் ஒரே அழுகை.
(வாசகி, சுங்கை சிப்புட்)

ப: எப்போது தடவிப் பார்த்தீர்கள் அக்கா? சாயங்காலம் என்றால் கண்ணைத் துடைத்துக்கொள்ளுங்கள். அது தீனிப்பை. பகலெல்லாம் பொறுக்கியதை அங்கே நிரப்பிக்கொண்டுதான் கோழி அடையும். இரவில் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கிவிடும். விடிந்ததும், தீனி வைப்பதற்கு முன் தொட்டுப் பாருங்கள். தட்டையாக இருந்தால் கோழிக்கு ஒன்றுமில்லை, உங்களுக்குத்தான் ஓய்வு தேவை. அப்போதும் ரொட்டி சானாய் மாவு உருண்டை போலக் கெட்டியாக இருந்தால், அடைப்பு.

கே: கெட்டியாகத்தான் இருக்கிறது!
(அதே வாசகி, மறுநாள்)

ப: தனியாக அடைத்து, தீனியை ஒரு நாள் நிறுத்துங்கள், தண்ணீரை நிறுத்தாதீர்கள். சின்ன ரொட்டித் துண்டைச் சமையல் எண்ணெயில் நனைத்துக் கொடுங்கள். பிறகு கட்டியை விரல் நுனியால் மெதுவாகப் பிசைந்துவிடுங்கள், சில நிமிடம், ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை. ஓரிரு நாளில் இளகாவிட்டால் கால்நடை மருத்துவரிடம் போங்கள். அவர் பையைக் கீறி, அடைத்திருப்பதை எடுத்துத் தைத்துவிடுவார். வீட்டு பிளேடுக்கு அங்கே வேலையில்லை. பை மெத்தென்று தளும்பி, வாயில் புளித்த வாடை அடித்தால் அது வேறு கோளாறு, பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். பிசையாமல் நேரே மருத்துவரிடம்.

கே: தலைகீழாகப் பிடித்து உலுக்கினால் எல்லாம் வெளியே வந்துவிடும் என்கிறாரே பக்கத்து வீட்டு மாமா?
(வாசகர், சாலாக்)

ப: வரும், கூடவே உயிரும் வரும். கோழிக்கு மூச்சுக்குழாயின் வாசல் நாக்குக்குப் பின்னாலேயே இருக்கிறது. கக்கும் நீர் நேரே நுரையீரலுக்குள் போய்விடும். மாமாவுக்கு அஜீரணம் வரும் அன்று இதே வைத்தியத்தை அவருக்குச் செய்து பாருங்கள்.

கே: தோட்டத்தில் லயத்துக் கோழிகளுக்கு இதெல்லாம் வந்ததா?
(வாசகர், லிந்தாங்)

ப: வந்திருக்கும். நோய்க்குப் பேர் வைப்பதற்குள் குழம்பு வைத்திருப்பார்கள். ஆனால் லயத்துக்குப் பின்னால் மண் தரை இருந்தது அண்ணே. பல்லில்லாத கோழி பொறுக்கி விழுங்கும் சிறு கற்கள்தான் அரைப்பையில் தீனியை அரைக்கின்றன. தாமான் வீட்டில் சுற்றிலும் சிமெண்டு. கல்லுக்கு எங்கே போகும்? அதற்குப் பதில் வெட்டிப் போட்ட நீளமான லாலான், நாசி லெமாக் பொட்டலத்து ரப்பர் பேண்ட், ராஃபியா கயிறு. எல்லாம் உள்ளே போய்ச் சிக்குப் பிடித்துக்கொள்ளும். ஒரு கிண்ணத்தில் பருமணல் வையுங்கள். கயிற்றைப் பெருக்கி எடுங்கள்.

கே: சுங்கை சிப்புட் தொகுதியில் நெஞ்சு டாக்டரே எம்.பி.யாக இருந்தாரே, அவரிடம் காட்டலாமா?
(வாசகர், கோலகங்சார்)

ப: 1974 முதல் சாமிவேலு அசையாமல் உட்கார்ந்திருந்த தொகுதியை 2008இல் அசைத்தவர் டாக்டர் ஜெயக்குமார் தேவராஜ். அசையாததை அசைப்பார் என்பது உங்கள் கணக்கு. ஆனால் அவர் மனிதர்களின் நுரையீரல் நிபுணர்.

கே: கோழி விலையைவிட அறுவைச் செலவு அதிகமாமே?
(வாசகி, ஈப்போ)

ப: அதிகம்தான். கோழிக்குப் பேர் வைத்துவிட்டீர்களா, இல்லையா? அதைச் சொல்லுங்கள் முதலில்.