பை எங்கே?

பொல்பிட்டியப் பக்கத்தில் இருக்கும் எங்கள் தொண்டு நிறுவனத்துக்கு இணையத்தில் ஒரு கடை உண்டு. தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் தைக்கும் துணிப்பைகளை விற்பதற்கு. முன்பெல்லாம் கடையைத் திறந்ததும் குத்துவிளக்கு ஏற்றும் பிரதம விருந்தினர் தெரிவார். கொஞ்சம் கீழே இறங்கினால் பொன்னாடை. அதற்கும் கீழே தலைவரின் வாழ்த்துச் செய்தி. விரல் தேய உருட்டினால், உபதலைவரின் முழங்கைக்குப் பின்னால் ஒரு பையின் காது மட்டும் எட்டிப் பார்க்கும்.

"ஏவாரம் படுத்துருச்சு, கடையைப் புதுசாக்கிக் குடுங்க தம்பி" என்று பொறுப்பை என் தலையில் கட்டினார்கள். கம்ப்யூட்டர் படித்தவன் என்று தோட்டத்தில் பேர் எடுத்துவிட்டால், மிக்ஸி திருத்துவதுகூட அவன் வேலைதான்.

பொன்னாடைகளைக் கழற்றுவதுதான் பெரும்பாடு. "அதெல்லாம் வரலாறு" என்றார் தலைவர். வரலாற்றுக்குத் தனிப் பக்கம் ஒதுக்கி, அவர் படத்தை முன்னைவிடப் பெரிதாகப் போட்டேன். பெருந்தன்மையோடு சம்மதித்தார். அந்தப் பக்கத்தை எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்பது கடைக்கும் எனக்கும் உள்ள ரகசியம்.

அடுத்து, வாங்க வந்தவரை வாசலில் மறிக்கும் பதிவுப் படிவம். பெயர், கடவுச்சொல், பிறந்த திகதி, தொழில்... தையல் அக்கா எட்டிப் பார்த்தார். "பை வாங்க வந்தாங்களா தம்பி, பொண்ணு பாக்க வந்தாங்களா?"

அமெரிக்காவில் ஜாரெட் ஸ்பூல் என்கிற நிபுணர் இதே நியாயத்தை ஒரு பெரிய இணையக் கடைக்குச் சொன்னார். 'பதிவு செய்க' பொத்தானை எடுத்துவிட்டு 'தொடர்க' என்று வைத்தார்கள்; முதலாண்டிலேயே 30 கோடி டாலர் விற்பனை கூடியதாம். டென்மார்க்கின் பேமார்ட் ஆய்வு நிறுவனக் கணக்குப்படி, கூடையில் பொருளைப் போட்டவர்களில் நூற்றுக்கு எழுபது பேர் வாங்காமலே நழுவிவிடுகிறார்கள். கொழுந்து நிறை குறைந்தால் மலையில் அரை நாள் சம்பளத்துக்கு அரைப் பேராவது போடுவார்கள்; இவர்களுக்குக் கால் பேருக்கும் வழியில்லை. படிவத்தைத் தூக்கிவிட்டேன்.

பையின் அளவு என்ன என்று அக்காவிடம் கேட்டேன். "பெருசுல அஞ்சு கிலோ அரிசி, ரெண்டு தேங்கா, மேலாப்ல கறிவேப்பில." சென்டிமீட்டர் கணக்குக்குக் கீழே அதையும் அப்படியே எழுதினேன். டொராண்டோவிலிருந்து ஒரு அம்மா, கறிவேப்பிலையும் சேர்ந்து வருமா என்று விசாரித்தார். வராது என்றதும் இரண்டு பைகளுக்கு ஓடர் போட்டார். சென்டிமீட்டரைப் பற்றி இதுவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

முகவரிப் பகுதியில் வீட்டு இலக்கமும் வீதியும் கட்டாயம் என்றிருந்தது. லயத்துக்கு ஏது வீதி? தலைமுறை தலைமுறையாகத் தோட்டத்துக் கடிதங்கள் ஆபீசுக்கு வந்து, அங்கிருந்து ஆள் கைமாறித்தான் வீடு சேர்கின்றன. ஆக, தைத்தவரே தாம் தைத்த பையை வாங்க முடியாத கடை! அந்தக் கட்டத்தை 'வீட்டுக்கு எப்படி வரவேண்டும்?' என்று மாற்றினேன். ஒருவர் எழுதியிருந்தார்: 'மேல் டிவிசன், மாரியம்மன் கோயில் தாண்டி ரெண்டாவது லயம். நாய் நிற்கும், கடிக்காது.' கூரியர் தம்பி போன்கூடப் போடாமல் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார்.

மின்சாரத்தைப் பற்றிக் கேட்காதீர்கள். 1969 முதல் பொல்பிட்டிய மின்நிலையம் நாட்டுக்கெல்லாம் அனுப்புகிறது. 2022 மின்வெட்டில், ஒரு நாளைக்கு 13 மணி நேரம் இருட்டாக இருந்த காலத்தில், எங்கள் கம்ப்யூட்டர் கண்ணை மூடிவிட்டது. அக்காவின் மெசின் மட்டும் ஓடியது. அது காலால் மிதிப்பது.

கடை கொஞ்சம் சூடுபிடித்ததும் தலைவருக்கு ஆசை வந்தது. ஒக்ஸ்பாம் தொண்டு நிறுவனம் இணையத்தில் ஆடு விற்ற கதையை யாரோ அவர் காதில் போட்டிருந்தார்கள். காசு கட்டுகிறவருக்கு ஓர் அட்டை வரும். ஆடு எங்கோ ஓர் ஏழைக் குடும்பத்துக்குப் போகும். "நாமளும் ஆடு போடுவோம்!" என்றார். கூட்டத்தில் பலத்த கைதட்டல்.

தையல் அக்கா ஊசியில் நூல் கோத்தபடியே கேட்டார்: "ஆடு சரிங்க. ரிட்டன் வந்தா யாரு மேய்க்கிறது?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ரிட்டன் விதிகளை எழுதியவன் நான்தான்.