வராத பனிக்கு வாங்கிய உப்பு

எடிசன், நியூஜெர்சி
28.01.2015

அன்புள்ள பெரியப்பாவுக்கு,



திங்கட்கிழமை நீங்கள் போன் போட்டு, "ஏலே, உங்க ஊரைப் பனி மூடப்போகுதுன்னு டிவியில சொல்றானே, சாப்பாட்டுக்கு என்னலே செய்வீக?" என்று கேட்டபோது, அந்தச் சாப்பாட்டுக்காகத்தான் கடை வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். போனில் நான் சொல்வது உங்களுக்குப் பாதிதான் காதில் விழுகிறது என்பதால் முழுக் கதையையும் எழுதிவிடுகிறேன். சாப்பாடு இருக்கிறது. நிறையவே இருக்கிறது. பனிதான் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமையே மேளம் கொட்ட ஆரம்பித்துவிட்டார்கள். நியூயார்க்கில் 20 முதல் 30 அங்குலம் விழும் என்றார்கள். ஊர் சரித்திரத்திலேயே பெரிய பனிப்புயல்களில் ஒன்றாக இருக்கும் என்று மேயரே மைக் முன்னால் நின்று சொன்னார். எங்கள் மாநிலத்துக்கு அவசரநிலை. நியூயார்க்கில் ராத்திரி 11 மணிக்கு மேல் ரோட்டில் கார் தெரிந்தால் அபராதம். அங்கே பூமிக்கடியில் ஓடுகிற ரயில் 1904-ல் தொடங்கியது. பனிக்காக அதை முழுசாக நிறுத்தியது இதுதான் முதல் தடவையாம். இத்தனை களேபரத்துக்கும் நடுவில் இந்த நாட்டு ஜனாதிபதி எங்கே இருந்தார் என்று நினைக்கிறீர்கள்? டெல்லியில், நம் குடியரசு தின அணிவகுப்பில், தூறலுக்குக் குடை பிடித்துக்கொண்டு. மகராசன், கொடுத்துவைத்தவர்.

பனி என்றதும் இங்கே எல்லோரும் பாலுக்கும் ரொட்டிக்கும் முட்டைக்கும் ஓடுகிறார்கள். ஏன் அந்த மூன்று மட்டும் என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் கிடையாது. நம்மவர்கள் ஒன்றும் குறைச்சல் இல்லை. இந்தியக் கடையில் மல்லித்தழைக் கட்டுக்கு நடந்த தள்ளுமுள்ளைப் பார்த்திருந்தால் எட்டயபுரம் சந்தை எவ்வளவோ தேவலை என்பீர்கள். உங்கள் மருமகள் விளாத்திகுளத்துக்காரி இல்லையா, அவள் ரொட்டியை நம்பவில்லை. கரண்ட் போனால் கிரைண்டர் ஓடாது என்று ஒரு வாரத்துக்கான மாவை ஒரே மூச்சில் ஆட்டிவிட்டாள். இந்தக் குளிரில் மாவு தானாகப் பொங்காது. ரொட்டி சுடுகிற அடுப்புக்குள் பாத்திரத்தை வைத்து, அடுப்பை மூட்டாமல், உள்ளே இருக்கிற பல்பை மட்டும் ராத்திரி முழுக்க எரியவிட வேண்டும். அந்தக் கதகதப்பில்தான் பொங்கும். அதோடு விட்டாளா? குழாய் உறைந்துபோனால் என்ன செய்வது என்று குளியல் தொட்டி நிறையத் தண்ணீரும் பிடித்துவைத்தாள்.

என் பங்குக்கு நான் உப்பு வாங்கினேன், இரண்டு மூட்டை. உப்பைத் தூவினால் தண்ணீர் லேசில் உறையாது. வாசலில் வழுக்கி விழாமல் நடக்கலாம். நம் பைபாஸில் உப்பு லாரி போவதைப் பார்த்து வளர்ந்த தூத்துக்குடி ஜில்லாக்காரன், தெருவில் கொட்டுவதற்கென்று காசு கொடுத்து உப்பு வாங்குகிறேன். ஊரில் யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்.

பிள்ளைகள் செய்த கூத்துதான் பெரிசு. பள்ளிக்கூடத்துக்கு லீவு விட வேண்டும் என்றால் இரவுச் சட்டையை உள்வெளியாகத் திருப்பிப் போட்டுக்கொள்ள வேண்டும், தலையணைக்கு அடியில் கரண்டி வைத்துக்கொள்ள வேண்டும், கக்கூசில் ஐஸ் கட்டியைப் போட்டுத் தண்ணீர் விட வேண்டும். இது இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு வேதவாக்கு. மூத்தவள் மூன்றையும் செய்தாள். சின்னவன், சின்னக் கரண்டி போதாது என்று குழம்புக் கரண்டியை எடுத்துக்கொண்டு போய்ப் படுத்தான். நம் ஊரில் மழை வேண்டி அப்பத்தாவும் மற்றவர்களும் வீடு வீடாக மழைக்கஞ்சி எடுத்ததையும், கொடும்பாவி கட்டித் தெருத் தெருவாக இழுத்ததையும் அவர்களுக்குச் சொன்னேன். "மழை வந்துச்சா?" என்று கேட்டாள் மூத்தவள். சில வருஷம் வந்தது என்றேன். "அப்ப கரண்டியும் சில வருஷம் வேலை செய்யும்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை விடிந்ததும் திரையை விலக்கினால், ஒரு சாண்கூட இல்லை. நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் அளந்தது 9.8 அங்குலம். புயலின் மையம் கொஞ்சம் கிழக்கே கடல் பக்கம் நகர்ந்துவிட்டதாம். கொஞ்சம்தான் நகர்ந்தது, ஆனால் அங்கே மாசசூசெட்ஸில் வூஸ்டர் என்கிற ஊரில் 34.5 அங்குலம் கொட்டித் தீர்த்துவிட்டது. ஐரோப்பாக்காரன் கம்ப்யூட்டர் நியூயார்க் மூழ்கும் என்றதாம், அமெரிக்காக்காரன் கம்ப்யூட்டர் அவ்வளவு இராது என்றதாம். இங்குள்ள வானிலைக்காரர்கள் பெரிய பெயர் வாங்கிய ஐரோப்பாக் கம்ப்யூட்டரை நம்பினார்கள். அமிர்தவர்ஷிணி பாடி நம் பக்கத்தில் மழையை வரவழைத்ததாகச் சொல்வோமே, முத்துசுவாமி தீட்சிதருக்கு மேகத்தோடு இருந்த பழக்கம் ஐரோப்பாக் கம்ப்யூட்டருக்கு இல்லை.

லீவை முந்தின நாளே அறிவித்துவிட்டதால் பிள்ளைகள் வீட்டில். பனி இல்லாததால் எனக்கு மட்டும் வேலை உண்டு; வீட்டிலிருந்தே செய் என்று மானேஜர் காலையிலேயே தகவல் அனுப்பிவிட்டார். மீட்டிங்கில் பேசிக்கொண்டிருக்கும்போது பின்னால் சின்னவன் குழம்புக் கரண்டியால் தாளம் போடுகிறான். பக்கத்து வீட்டுக் குஜராத்திக்காரர் புதிதாகப் பனி தள்ளும் எந்திரம் ஒன்று வாங்கியிருந்தார். கொடுத்த காசு வீணாகக் கூடாதே என்று தன் வாசல், என் வாசல், எதிர் வீட்டு வாசல் எல்லாம் தள்ளி முடித்து, கடைசியில் புல்தரையையும் தள்ள ஆரம்பித்துவிட்டார். அவருக்கு இட்லி கொடுத்தோம். தெருவில் யார் கண்ணில் பட்டாலும் இட்லி கொடுத்தோம்.

ஊர் முழுக்க ஒரே கோபம். வந்திருந்தால் கரண்ட் போயிருக்கும், ஆஸ்பத்திரிக்குப் போக வழி இராது. வராமல் போனதற்குச் சண்டைக்கு நிற்கிறார்கள். புரட்டாசியில் வானத்தை நம்பிப் புழுதியில் விதைத்து, ஒரு தூறலில் முளைத்த பயிர் மறுமழை இல்லாமல் கருகியபோது, வரப்பில் நின்று அண்ணாந்து பார்த்து நீங்கள் ஏசினீர்களே, அதைக் கேட்டு வளர்ந்த எனக்கு இவர்கள் கோபம் சுத்த விளையாட்டாகத் தெரிகிறது. ஆனால் ஒன்று, நியூஜெர்சி மவுண்ட் ஹாலியில் உள்ள வானிலை ஆபீஸ் தலைவர், நாங்கள் தப்பாகச் சொல்லிவிட்டோம், மன்னியுங்கள் என்று பகிரங்கமாகவே எழுதிவிட்டார். மேகம் செய்த துரோகத்துக்கு ஒரு மனுஷன் மன்னிப்புக் கேட்டதை இங்கேதான் பார்க்கிறேன்.

தொட்டித் தண்ணீர் அப்படியே இருக்கிறது. அடைப்பைப் பிடுங்கினால் ஒரு நொடியில் போய்விடும், ஆனால் குடத்தோடு குழாயடியில் நின்று வளர்ந்தவள் அதற்குச் சம்மதிக்க மாட்டேன் என்கிறாள். ஆகவே வெந்நீர் ஷவர் தலைக்கு மேலே சும்மா தொங்க, நான்கு பேரும் கெட்டிலில் சுடவைத்துக் கலந்து, செம்பால் மொண்டு குளித்துக்கொண்டிருக்கிறோம். நாளைக்குத் தீர்ந்துவிடும் என்று நினைக்கிறேன்.

மல்லி இந்த வருஷம் எப்படி? விலை என்ன போகிறது? முட்டிவலிக்குத் தைலம் அனுப்பியிருக்கிறேன், பெரியம்மாவிடம் கொடுங்கள். யாராவது இந்தப் பக்கம் வந்தால் கோவில்பட்டி கடலைமிட்டாய் இரண்டு கிலோ கொடுத்துவிடுங்கள். அடுத்த புயலுக்கு அது போதும், மாவு ஆட்ட வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்