புள்ளிக்கு ஒரு கட்டில்

அமெரிக்காவில் சொராரிட்டி என்ற மாணவியர் சங்கத்தில் சேர, சீனியர் அக்காக்களைப் பல்லிளித்து மயக்க வேண்டும். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் அந்த வம்பில்லை. விடுதிக்கு விண்ணப்பம் போடலாம். 1958இல் பெண்களுக்கென்றே தொடங்கப்பட்ட யூசோஃப் விடுதி ஆகட்டும், ஷியர்ஸ் விடுதி ஆகட்டும், மறு ஆண்டும் அறை வேண்டுமா? இணைப்பாட நடவடிக்கைப் புள்ளி சேர்க்க வேண்டும். வீட்டில் ஒரு டம்ளர்கூடக் கழுவாத பிள்ளை, விடுதிக்காக நடனம், ஃப்ளோர்பால், மேடை விளக்கு என்று நள்ளிரவு தாண்டியும் உழைக்கிறாள்.

தேக்காச் சந்தையில் கறிவேப்பிலை வாங்கும் அம்மாவுக்கு ஒன்று மட்டும் விளங்கவில்லை. லிட்டில் இந்தியாவில் ரயிலேறி ஹார்பர்ஃப்ரண்டில் மாறினால் பல்கலைக்கழகம் இருக்கும் கெண்ட் ரிட்ஜ் வந்துவிடும்.

"இதுக்கு எதுக்குடி அங்க தனிக் கட்டில்?"

"தூங்கவாம்மா போறேன்?"