ஓரிக்கு இது முதல் குற்றம்

ஆடிப் பதினெட்டை ஒட்டிக் கொல்லிமலையில் சங்க கால மன்னன் வல்வில் ஓரிக்கு அரசே விழா எடுக்கிறது. செம்மேட்டில் நிற்கும் சிலைக்கு மாலை விழும். மைக் கட்டுவார்கள், வில்வித்தைப் போட்டி நடக்கும், மேடையில் ஓரியின் ஒற்றை அம்பைப் பற்றிப் பேசாமல் எவரும் இறங்க மாட்டார்கள். அந்த அம்பு யானையைத் துளைத்து, புலியைச் சாய்த்து, புள்ளிமானை உருட்டி, காட்டுப்பன்றியை வீழ்த்தி, கடைசியில் புற்றில் கிடந்த உடும்பில் போய்த் தைத்ததாம். சாட்சி: வன்பரணர், புறநானூறு.

அந்தப் பட்டியலை 1972-ம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். யானை, புலி, உடும்பு மூன்றும் முதல் அட்டவணை. குறைந்தது 3 ஆண்டு, கூடினால் 7 ஆண்டு சிறை. சாட்சி சொன்னவர் அதைப் பாட்டாகவே பாடி வைத்துவிட்டதால் பிறழ் சாட்சிக்கும் வழியில்லை. ஆனாலும் ஓரி பயப்பட வேண்டாம். அவருடைய வக்கீல் எழுந்து, “கனம் கோர்ட்டார் அவர்களே, என் கட்சிக்காரர் வள்ளல். கௌரவமான குடும்பம். முன் தண்டனை ஏதும் கிடையாது. விட்டதும் ஒரே ஒரு அம்புதான்” என்பார். கருணை காட்ட வேண்டிய ஆள்தான், சந்தேகமில்லை.

அதே மலையில் கண்ணி வைத்துக் காட்டு முயல் பிடித்தவருக்கு இந்த வக்கீல் கிடைக்க மாட்டார். இரண்டாம் முறை பிடிபட்டால் சிறை 3 ஆண்டுக்குக் குறையக் கூடாது என்று அதே சட்டத்தின் 51-ம் பிரிவு சொல்வதை அவருக்குப் படித்துக் காட்டவும் ஆள் இருக்காது.

‘திரும்பத் திரும்பத் தப்புப் பண்றவனுக்குக் கூடுதல் தண்டனை கொடுத்தா என்ன?’ டீக்கடையில் கேட்டுப் பாருங்கள், பத்துக்கு ஒன்பது பேர் தலையாட்டுவார்கள். சட்டம் எப்போதோ ஆட்டிவிட்டது. பழைய தண்டனைச் சட்டத்தில் 75-ம் பிரிவாக இருந்தது இன்று பாரதிய நியாய சன்ஹிதாவில் 13-ம் பிரிவு. திருட்டுக்கான 303-ம் பிரிவு இன்னும் தெளிவு. முதல் தடவை, பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் கீழே, திருப்பிக் கொடுத்தாயிற்று என்றால் சமூக சேவை. இரண்டாம் தடவை என்றால் ஓராண்டுக்குக் குறையாத கடுங்காவல், 5 ஆண்டு வரை போகலாம். தோட்டத்தில் இரண்டு படி மிளகைத் துண்டில் முடிந்துகொண்ட கூலிக்காரருக்கு, இரண்டாம் முறை என்றால், ஓராண்டு நிச்சயம்.

முதல் தண்டனை எப்படி வந்தது என்று மட்டும் அந்தச் சட்டம் கேட்பதில்லை.

நான் சொல்கிறேன். கோர்ட்டுக்கு மலையிறங்க வேண்டும். எழுபது கொண்டை ஊசி வளைவு. ஒரு நாள் கூலி போச்சு, பஸ் காசு போச்சு. கோர்ட்டில் பேர் கூப்பிட்டதும் அடுத்த வாய்தா கொடுத்து அனுப்புவார்கள். மறுபடியும் எழுபது வளைவு. மூன்றாம் நடையில் யாராவது ஒருவர் காதோடு சொல்வார்: “ஒத்துக்கப்பா, ஃபைனைக் கட்டிட்டு மதியப் பஸ்ஸைப் பிடி.” ஒத்துக்கொள்வார். அந்த மதியப் பஸ்தான் அவருடைய முன் தண்டனை. செய்தாரா இல்லையா என்பது யாருக்கும் தெரியாது. மலைக்குத் திரும்ப வேண்டியிருந்தது என்பது மட்டும் உறுதி.

காசுள்ளவருக்கு வாய்தா என்பது அலைச்சல் அல்ல, சொத்து. ஜெயலலிதா மீதான சொத்துக்குவிப்பு வழக்கு 1996-ல் தொடங்கியது. பெங்களூரு தனி நீதிமன்றம் தண்டித்தது 2014 செப்டம்பர் 27-ல். மறு ஆண்டே கர்நாடக உயர் நீதிமன்றம் விடுவித்தது. அவர் 2016 டிசம்பரில் இறந்தபோது அந்த விடுதலைதான் நடப்பில் இருந்தது. விசாரணை நீதிமன்றத் தீர்ப்பு சரியே என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2017 பிப்ரவரி 14-ல். ஆனால் இறந்துவிட்டதால் அவர் மீதான மேல்முறையீடு மட்டும் அற்றுப்போனது. நம் சட்டப் பதிவேட்டில் சில முதல்வர்கள் குற்றவாளியாவதற்குள் இறந்தே போய்விடுகிறார்கள்.

இதெல்லாம் சில்லறை. வாச்சாத்திக்கு வாருங்கள்.

சித்தேரி மலையடிவாரத்து ஊர் அது. அங்கே இருப்பவர்களும் கொல்லிமலையில் இருப்பவர்களும் ஒரே மலையாளிப் பழங்குடி. 1992 ஜூன் 20. சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை மூன்றும் சேர்ந்து ஊருக்குள் புகுந்தன. வீடுகளை இடித்தார்கள், ஆடு மாடுகளைக் கொன்றார்கள், 18 பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள். பிறகு வழக்குப் போட்டார்கள், ஊர்க்காரர்கள் மீது. பெண்களையும் குழந்தைகளையும்கூடச் சேலம் சிறைக்கு அனுப்பினார்கள். குற்றம் செய்தவர்கள் எழுத, பட்டவர்கள் குற்றவாளி ஆனார்கள்.

புகுந்தவர்களில் 269 பேர் மீது குற்றம் சாட்டப்பட்டது. தருமபுரி நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 2011 செப்டம்பர் 29-ல். அதற்குள் 54 பேர் செத்துப் போயிருந்தார்கள். மிச்சமிருந்த 215 பேரும் குற்றவாளிகள். ஒருவர்கூடத் தப்பவில்லை. சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது 2023 செப்டம்பர் 29-ல். ஆக, 1992-லிருந்து 2011 வரை, பத்தொன்பது ஆண்டுகள், அந்த 215 பேரின் ‘முன் தண்டனை’ கட்டத்தில் ‘இல்லை’ என்றுதான் இருந்தது. அந்த 54 பேருக்கோ அது என்றைக்கும் ‘இல்லை’தான். அவர்கள் யாராவது இடையில் வேறு வழக்கில் சிக்கியிருந்தால், நீதிபதியிடம் நெஞ்சு நிமிர்த்திச் சொல்லியிருக்கலாம்: ஐயா, எனக்கு இது முதல் குற்றம்.

மறக்கத் தெரியாத சட்டம் என்று இதைச் சொல்ல முடியாது. யாரை மறக்க வேண்டும் என்று நன்றாகத் தெரிந்த சட்டம். 1871-ல் குற்றப் பழங்குடிகள் சட்டம் வந்தது. 1911-ல் சென்னை மாகாணத்துக்கும் நீட்டினார்கள். அதன்படி சில சாதிகளில் பிறந்தாலே முன்குற்றவாளி. கைரேகை வைத்துவிட்டுத்தான் தூங்கப் போக வேண்டும். 1947-ல் சென்னை மாகாணம் அதை நீக்கியது. கை காலியாக இருக்குமா? 1948-லேயே வழக்கக் குற்றவாளிகள் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்துவிட்டது. சிறைக் கையேடுகளில் இந்த ‘வழக்கக் குற்றவாளி’ என்ற முத்திரை பழைய சாதிப் பட்டியலின் வேலையைச் செய்துகொண்டிருப்பதை உச்ச நீதிமன்றம் கண்டித்தது 2024 அக்டோபரில்.

இனி மறதியின் அழகைப் பாருங்கள். ஈராண்டு அல்லது அதற்கு மேல், ஊழல் வழக்கென்றால் அதற்குக் குறைவாகவும், சிறைத் தண்டனை பெற்ற அரசியல்வாதி, விடுதலைக்குப் பின் 6 ஆண்டு தேர்தலில் நிற்க முடியாது. வாழ்நாள் தடை வேண்டும் என்று வழக்கு வந்தபோது ஒன்றிய அரசு 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத்தில் எதிர்த்தது: காலவரம்புள்ள தண்டனைதான் அளவானது, வாழ்நாள் தடை அளவு மீறிய கடுமை. அடடா, எத்தனை ஈரமான நெஞ்சு! அந்த 6 ஆண்டும் சிக்கிமின் பிரேம் சிங் தமாங்குக்கு அதிகமாகப் பட்டது. பசு வழங்கும் திட்டத்தில் ஊழல் செய்த குற்றத்துக்காக ஓராண்டு சிறையிலிருந்து 2018-ல் வெளியே வந்தவர், 2019-ல் முதல்வர் ஆனார். தேர்தல் ஆணையம் தடையை ஓராண்டு ஒரு மாதமாகச் சுருக்கிக் கொடுத்தது. மிளகுக்காரருக்கு எந்த ஆணையம் சுருக்கிக் கொடுக்கும்?

கள்ளக்குறிச்சியை எடுத்து என் வாயை அடைக்கலாம். நியாயமான கேள்விதான். 2024 ஜூனில் கருணாபுரத்தில் விஷச் சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். விற்றவர்கள் மீது பழைய வழக்குகள் குவிந்து கிடந்தன. அவர்களுக்குக் கருணை காட்டச் சொல்லி நான் கேட்கவில்லை. ஆனால் அந்தப் பழைய வழக்குகளை எழுதிய போலீஸ் கைக்கு விற்பனை தொடர்ந்து நடந்தது தெரியாமலா இருந்தது? செத்தவர்களைப் புதைத்த சூட்டிலேயே மதுவிலக்குச் சட்டத்தைத் திருத்தி ஆயுள் தண்டனை கொண்டுவந்தார்கள். வேடிக்கை பார்த்ததற்கு எத்தனையாம் தடவை என்ன தண்டனை என்று அதில் ஒரு வரி இல்லை.

கொஞ்சம் இருந்த சலுகையிலும் ஓட்டை போட்டிருக்கிறார்கள். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 479-ம் பிரிவு, முதல் முறை சிக்கியவர் அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கைச் சிறையில் கழித்துவிட்டால் ஜாமீன் தரச் சொல்கிறது. ஆனால் ஒன்றுக்கு மேல் வழக்கு நிலுவையில் இருந்தால் அந்தப் பேச்சே கிடையாது. தண்டனை வேண்டாம், வழக்கு இருந்தாலே போதும். வழக்குப் போடுவது யார் கையில் இருக்கிறது என்று வாச்சாத்தியில் கேட்டுக்கொள்ளுங்கள்.

எனவே எனக்கு ஆட்சேபம் இல்லை. பழைய கணக்கைப் பார்த்தே தீர்ப்பு எழுதுங்கள். ‘முன் தண்டனை’ கட்டத்துக்குப் பக்கத்தில் ‘வாங்கிய வாய்தா’ என்று இன்னொரு கட்டம் மட்டும் போடுங்கள். வாய்தாவால் இழுத்த ஒவ்வோர் ஆண்டும் ஒரு முன் தண்டனை. அந்தப் படிவத்தை முதலில் தேர்தல் வேட்பாளர்களின் பிரமாணப் பத்திரத்தோடு ஒட்டுங்கள். இடம் போதாவிட்டால் பின்பக்கத்திலும் எழுதலாம்.